அதே மாதிரி இன்னொரு வண்டி

பிரேக் பைப்பை எப்படி வளைப்பது, முனையை எப்படி விரிப்பது, எத்தனை அடிக்கு ஒரு கிளாம்ப் போடுவது என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரகடத்து வண்டிக் கம்பெனியில் நீங்கள் நிற்கும் லைனுக்குப் பைப் வளைந்தே வருகிறது. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. நான் சொல்ல வந்தது கருவிக்குத் தெரியாத ஒரு விஷயம். பெருமைப்படும்படியானதும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சொல்கிறானே, இனி இவனை வேலையை விட்டு அனுப்ப ஆளில்லை என்ற தைரியம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் ஓரளவுக்கு உண்மை.

1991. பென்னலூரில் பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு பாடி கட்டும் பட்டறையில் நான் வேலை பார்த்தேன். வெறும் சேசிஸாக வரும் சின்ன லாரியை நடுவில் வெட்டி நீட்டி, வாங்கியவருக்கு என்ன தேவையோ அதை மேலே கட்டிக்கொடுப்போம். சேசிஸை நீட்டினால் அதன் அடியில் ஓடும் பிரேக் பைப்பையும் டீசல் பைப்பையும் நீட்டியாக வேண்டும். அது என் வேலை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. "சம்பத்து போட்ட ஜாயிண்ட்ல ஒரு சொட்டு வராது" என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார். அதை அவரைவிட நான் அதிகமாக நம்பினேன்.

அந்த வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். கிராமம் கிராமமாகப் போய்க் கண் முகாம் நடத்த ஒரு வண்டி வேண்டும். உள்ளேயே பரிசோதனை நாற்காலி, படுக்கை, மருந்து அலமாரி எல்லாம் இருக்க வேண்டும். அவர்கள் சார்பில் ஒரு தலைமை நர்ஸ் வாரம் தவறாமல் வந்து பார்ப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாங்கள் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். கூடவே அந்த வண்டியை ஓட்டப்போகும் டிரைவர் கன்னையாவும் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். தன் வீடு கட்டுவதைப் பார்ப்பதுபோல வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்.

பாடி வேலை அந்தோணியுடையது. மணிமங்கலத்திலிருந்து சைக்கிளில் வருவான். என் வயதுதான். ஒரே சாப்பாட்டு டப்பாவில் இரண்டு பேரும் கை வைப்போம்.

வண்டியை ஒப்படைக்க ஒரு நாள் இருந்தபோது கடைசியாக ஒரு தடவை அடியில் படுத்துப் பார்த்தேன். பாடியைச் சேசிஸோடு பிடித்திருக்கும் யூ-போல்ட்டின் தகடு, பின்சக்கரத்துக்குப் போகும் என் பிரேக் பைப்புக்குப் பக்கத்தில் வந்திருந்தது. நடுவில் ஒரு விரல் நுழைந்தது. வண்டி நிற்கும்போது ஒரு விரல். பாரம் ஏறி, பள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது அந்த ஒரு விரல் இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

தகட்டின் ஓரத்தை அந்தோணி தேய்த்துவிட்டால் போதும். ஆனால் மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், தீப்பொறி பறக்கக் கூடாது. பைப்பைத் தள்ளிப் போட வேண்டுமென்றால் பிரேக் ஆயிலை வடித்து, புதுப் பைப் வளைத்து, மறுபடி பைப்புக்குள் சிக்கும் ஏரை வெளியேற்ற வேண்டும். அரை நாள் போய்விடும். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் பந்தல் போட்டு வண்டிக்குக் காத்திருந்தார்கள். நான் ஒரு ரப்பர் ஓஸ் துண்டை நீளவாக்கில் கீறி, பைப்பின் மேல் மாட்டி, கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். முதல் சர்வீஸுக்கு வரும்போது சரியாகச் செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து, 'எல்லாம் சரி' என்று சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அந்தோணியிடம்கூடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலே டீசல் பைப்பில் நான் போட்ட ஒரு ஜாயிண்ட். சொட்டுச் சொட்டாகக்கூட இல்லை, வெறும் ஈரமாகக் கசிந்தது. சாதா ரப்பர் டீசலில் ஊறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உப்பி, பிசுபிசுத்து, கையோடு வந்துவிடும்.

ஐந்து வாரம் கழித்து, முகாம் முடிந்து திரும்பும்போது மணிமங்கலம் ஏரிக்கரை இறக்கத்தில் கன்னையா பிரேக்கை மிதித்தார். மிதி அடி வரைக்கும் போய்விட்டது. முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி என்று இரண்டு வழி இருந்ததால் முன்பிரேக் மட்டும் கொஞ்சம் பிடித்தது. அந்தப் பாரத்துக்கு அது போதவில்லை. எதிரே நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். கன்னையா ஸ்டியரிங்கைத் தன் பக்கமாகவே ஒடித்தார். வண்டி மதகுச் சுவரில் போய் மோதியது. அந்தப் பெண்கள் பிழைத்தார்கள். உள்ளே இருந்த சிஸ்டருக்குக் கை முறிந்தது. கன்னையாவின் வலது கால் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியது.

மறுநாள் காலை வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். முதலாளி என்னைப் பார்த்து, "சம்பத்து, உள்ள போய் இன்னான்னு பாரு" என்றார்.

நான் விளக்கோடு அடியில் நுழைந்தேன். ரப்பர் கறுப்புக் களியாக வழிந்திருந்தது. கம்பி தளர்ந்து தொங்கியது. தகட்டின் ஓரம் பைப்பை அறுத்து ஒரு ஊசி அளவு ஓட்டை. என்னைத் தவிர யாரும் இன்னும் பார்க்கவில்லை. என் பாக்கெட்டில் கட்டிங் பிளையர் இருந்தது.

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. கம்பியை வெட்டினேன், ரப்பரை வழித்தேன், பனியன் வேஸ்ட் துணியால் டீசல் ஈரத்தைத் துடைத்தேன், எல்லாவற்றையும் பாக்கெட்டில் திணித்தேன். வெளியே வந்து, "யூ-போல்ட்டு தகடு பைப்ப அறுத்திருக்கு மொதலாளி" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்தோணியின் முகம் வெளுத்துவிட்டது. "நா மாட்டும்போது எடம் இருந்துச்சேடா... இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்" என்றான். அந்த 'நெனைக்கிறேன்' என்ற சொல்லில்தான் அவன் மாட்டிக்கொண்டான். நான் பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன். முதலாளி அன்றைக்கே அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் சாமான் பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஆறு நாள் நான் வேலைக்குப் போனேன். சாப்பிட்டேன், தூங்கினேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குற்றம் செய்தவன் துடித்துக்கொண்டே இருப்பான் என்று நினைக்காதீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தப்பு தகட்டுடையதுதான் என்று மூன்றாவது நாளே நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஏழாவது நாள் மதியம் சிஸ்டர், கட்டுப் போட்ட கையோடு, வண்டியில் இருந்த மருந்துப் பெட்டியை எடுக்க வந்தார். நான்தான் இறக்கிக்கொடுத்தேன்.

"உங்க அந்தோணி நல்ல பையன்யா" என்றார். "தெனமும் வந்துருதாரு. கன்னையாவத் தூக்கி உக்கார வைக்கது, தொடச்சி விடுதது எல்லாம் அவருதான். எதுக்குய்யா இப்படி கஷ்டப்படுதீங்கன்னு கேட்டேன். நான் செஞ்ச வேலைதான் சிஸ்டர்னு சொல்லுதாரு."

நான் பெட்டியை ஆட்டோவில் வைத்தேன். "நானும் வரேன் சிஸ்டர்" என்றேன். முதலாளியிடம் சொல்லாமல் அப்படியே ஏறிவிட்டேன்.

வார்டில் அந்தோணி, ஈரத்துணியால் கன்னையாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் முகத்திலும் ஒரு சந்தோஷம். பார்க்க வந்திருக்கிறான் என்ற சந்தோஷம். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன்.

"கன்னையாண்ணா, அந்தோணி மேல தப்பு இல்ல. தகடு கிட்ட வர்றத நா மொதல்லயே பாத்துட்டேன். சரி பண்ணாம ரப்பர சுத்தி வுட்டுட்டேன். மேல டீசல் கசிஞ்சு அது ஊறிப்போச்சு. வண்டி வந்தன்னிக்கு அத அறுத்து ஒளிச்சு வச்சிட்டேன்."

அந்தோணியின் கை அப்படியே நின்றது. துணியிலிருந்து தண்ணீர் படுக்கையில் சொட்டியது. அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் துணியைப் பிழிந்து, மடித்து, கட்டில் கம்பியில் போட்டான்.

கன்னையா என்னைத் திட்டவில்லை, காலைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. தலையை என் பக்கம் திருப்பி, "ரப்பர் சுத்துனன்னு சொன்னியே. இந்த வண்டிக்கு மட்டும்தானா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"அதே மாதிரி இன்னொரு வண்டி கட்னீங்களேடா. செருப்புக் கம்பெனி பொம்பளைங்கள ஏத்திகினு போறதுக்கு. நா வந்தப்போ பக்கத்துலயே நின்னுகினு இருந்துச்சே. அதுல இன்னா பண்ணி வச்சிருக்க?"

அது அதே சேசிஸ், அதே நீளம். மிஷன் வண்டி போன மறு வாரம்தான் அதற்குப் பைப் போட்டேன். அதில் குறுக்குச் சட்டத்தைத் தாண்டும் இடத்தில் பைப் அதன் கூர் ஓரத்துக்குக் கிட்டத்தில் போனது. போன வண்டியில் செய்தது நல்ல யோசனை என்று நினைத்து, கொஞ்சமும் தயங்காமல் அதிலும் ஒரு ரப்பர் துண்டை மாட்டிக் கம்பி சுற்றியிருந்தேன். பாடி கட்டியது வேறு ஆட்கள், அந்தோணியின் தகடு அதில் கிடையாது. அதனால் முதலாளிக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கோ, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆறு நாளில் அந்த வண்டி ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. என்னை மறைப்பதிலேயே குறியாக இருந்தேன். அந்த வண்டியும் அதோடு சேர்ந்து மறைந்துபோயிருந்தது.

"அதுலயும் சுத்தி கீறேன்" என்றேன்.

"அப்ப இங்க இன்னாத்துக்குடா நிக்கிற?" என்றார் கன்னையா.

மணி ஐந்து. தண்டலம் தாண்டி இருந்த அந்தக் கம்பெனியில் ஐந்தரைக்கு ஷிப்ட் விடும். சிஸ்டர் ஆபீசுக்கு ஓடிப் போன் போட்டுப் பார்த்தார். லைன் கிடைக்கவில்லை. அந்தோணி என் முகத்தைப் பார்க்காமல், "சைக்கிள் வெளிய கீது. ஏறு" என்றான். அவன் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வழி முழுக்க அவன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நாங்கள் கேட்டை அடைந்தபோது வண்டி புகைவிட்டுக்கொண்டு நின்றது. முப்பது பெண்களுக்குக் குறையாது. பாதிக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் டிரைவரிடம் போய், "வண்டிய எடுக்காதீங்க, பிரேக்க பாக்கணும்" என்றேன்.

"பிரேக்கு நல்லாதான் கீது. ரெண்டு நாளா ஆயில் கொஞ்சம் கொறையுது, ஊத்திகினுதான் கீறேன். நாளைக்கி பட்டறைக்கு எட்தாரேன், நவுரு" என்றார்.

ஆயில் குறைகிறது என்றால் பைப் ஏற்கெனவே கசிகிறது. உள்ளே இருந்து ஒரு அம்மா, "இன்னாயா வழில நின்னுகினு? வூட்ல கொழந்த கீது, நேரமாவுது" என்று கத்தினார். வாட்ச்மேன் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் யார்? அந்தக் கம்பெனி ஆள் இல்லை. சீருடை இல்லை, அதிகாரம் இல்லை. 'பார்க்க வேண்டும்' என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் இறங்கப் போவதில்லை. எதைச் சொன்னால் இறங்குவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

"இந்த வண்டிக்கு பிரேக்கு பைப்பு போட்டவன் நான்தான்" என்று கத்தினேன். "தப்பா போட்டுட்டேன். இதே மாதிரி நா போட்ட இன்னொரு வண்டி போன வாரம் ஏரிக்கரைல மோதிச்சு. ஓட்டுனவருக்கு கால் போச்சு. அத நான் மறைச்சிட்டேன். தயவுசெஞ்சு எறங்குங்கம்மா."

டிரைவர் என்னைப் பார்த்தார், பிறகு கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். முதலில் இறங்கியது குழந்தை என்று கத்திய அந்த அம்மாதான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. என்னைத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய் மதில் ஓரம் நின்றார்கள். ஒருத்தர் மட்டும், "பாத்தா படிச்ச புள்ள மாதிரி கீறியே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தோணி எனக்கு முன்னால் அடியில் நுழைந்தான். நான் அவன் பக்கத்தில் போய்ப் படுத்தேன். அதிலும் டீசல் கசிந்து ரப்பர் பாதி கரைந்திருந்தது. அவன் அதை விரலால் வழித்தான். அடியில் பைப்பில் நகத்தால் கீறியதுபோல ஒரு பளபளப்பான பள்ளம். துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். பள்ளத்தின் நடுவில் ஒரு பொட்டு ஈரம் பூத்தது. "மிதிங்கண்ணா" என்று அந்தோணி குரல் கொடுத்தான். டிரைவர் மேலே ஒரு தடவை அழுத்தி மிதித்தார். பைப் பிளந்து ஆயில் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.

அந்தப் பெண்கள் பஸ்ஸிலும் நடந்தும் வீட்டுக்குப் போனார்கள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?" என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னார். அன்று மாலையே மணிமங்கலத்துக்குப் போய் அந்தோணியைத் திரும்ப அழைத்து வந்தார். அந்தோணி அதன் பிறகு என்னோடு பேசினான், தேவையானதை மட்டும். என் கல்யாணத்துக்கு வந்தான். கை கொடுத்தான், சாப்பிடாமல் போனான். கன்னையாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியிலேயே கண் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தார்.

இரண்டு வருஷம் எங்கெங்கோ சில்லறை வேலை பார்த்தேன். பிறகுதான் பெரிய கம்பெனி, லைன், ஷிப்ட் எல்லாம். யார் என்ன கோளாறு என்று சொல்லி வந்தாலும், யார் செய்தது என்று நான் கேட்டதில்லை. "வேற எதுல?" என்றுதான் கேட்பேன். முதுகுக்குப் பின்னால் 'வேறஎதுல சம்பத்து' என்று எனக்குப் பேர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். யார் செய்தது என்று முதலில் கேட்கும் இடத்தில் என்னைப் போன்றவர்கள் பாக்கெட்டில் கை விடுவார்கள். அப்போது அடுத்த வண்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். உங்களில் யார் நாளைக்கு சூப்பர்வைசர் ஆனாலும் இதை மட்டும் பாருங்கள்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் முகத்தில் ஆயிலோடேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. சிஸ்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "மூணு தடவ கேட்டுட்டாரு. ஊசி போட்டும் தூங்க மாட்டேங்காரு. போய்ச் சொல்லுங்கய்யா" என்று உள்ளே விட்டார்.

கன்னையா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். அந்தோணி குனிந்து, "வண்டிய நிறுத்திட்டோம்ணா. யாருக்கும் ஒண்ணும் ஆவல. எல்லாரும் வூட்டுக்குப் பூட்டாங்க" என்றான்.

"எல்லாரும்?"

"எல்லாரும்ணா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வைக்குள் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து அவர் அழுது அதுவரை யாரும் பார்க்கவில்லை என்று சிஸ்டர் சொன்னார். அந்தோணி கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அங்கே உட்கார உரிமை இல்லை. வார்டு வாசலில், அவர் அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.